தடை நாளில் துண்டு விற்றவருக்கு

அன்புள்ள கோமதி அப்பாவுக்கு,

அங்கே சாரல் உண்டா? இங்கே ஆடி பிறந்ததிலிருந்து விடாமல் தூறுகிறது. மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதாம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இந்தச் செய்தி வந்தாலே குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். தென்காசியில் துண்டும் லுங்கியும் விற்கிற நீங்கள் மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்புவீர்கள். இந்தத் தடவையும் செய்தியைக் கேட்டதும் உங்களிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். போன ஐப்பசியில் போனவரிடம் இந்த ஆடியில் பேச வாய் வருகிறது, நான் என்ன செய்ய?

"ஏட்டி, தடை போட்டா வந்த கூட்டம் எங்கன போகும்? தென்காசிக்குப் படம் பாக்க வரும். அங்கன நம்ம விளம்பரம் ஓடும்லா? படம் விட்டதும் நேரா நம்ம கடைக்குத்தான்." இப்படிச் சொல்லித்தான் தியேட்டரில் விளம்பரம் கொடுத்தீர்கள். கூட்டம் தியேட்டருக்கு வரத்தான் செய்தது. ஆனால் குளிக்கவே முடியாதவர்கள் துண்டு எதற்கு வாங்குவார்கள் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சி அப்படிக் கேட்டுச் சிரித்தபோதுதான் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறமாவது நிறுத்தினீர்களா? "இன்னைக்குப் பாத்தவன் அடுத்த சீசனுக்குக் குளிக்க வருவாம்லா" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தீர்கள்.

அந்த விளம்பரத்துக்காக ஐந்தருவியில் நிஜமாகவே குளித்துவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கிற தம்பியின் கேமரா முன்னால் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினீர்கள். "ஈரத் தலையோட நிக்காதீங்க, சளி பிடிச்சிரும். நல்லா துவட்டுங்க. தியேட்டர்ல பாத்தேன்னு எங்கிட்ட வந்து சொல்லுங்க, ஒரு கர்ச்சீப் சும்மா தாரேன்." வீட்டில் என்னையும் கோமதியையும் அதட்டுகிற அதே குரல். கர்ச்சீப் கேட்டு யார் வந்தார்கள்? நம் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அதுவும் தியேட்டர் பக்கமே போகாமல். மிச்சக் கர்ச்சீப் கட்டு கயிறுகூட அவிழ்க்காமல் அலமாரியில் கிடந்தது.

இந்த சீசனோடு விளம்பரம் முடிகிறது. மறுபடியும் ஓட்டணுமா என்று தியேட்டர் மேனேஜர் போன் செய்தார். கோமதிக்கு இஷ்டமில்லை. "எம்மா, தியேட்டர்ல லைட்டை அணைச்சதும் அவனவன் போனைத்தான் பாக்கான். நம்ம கடைக்கு நான் போன்லயே வீடியோ போடுதேன். அப்பா பேசுனதும் எங்கிட்ட இருக்கு, நினைச்சப்ப பாத்துக்கலாம்லா" என்கிறாள். கடைக்காரியாக யோசித்தால் அவள் சொல்வதுதான் சரி. ஆனால் போனில் நீங்கள் எங்களோடு மட்டும்தான் பேசுகிறீர்கள். தியேட்டரில் இன்னும் ஊரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் அது நின்றுவிடும். அந்த வார்த்தையை என் வாயால் எப்படிச் சொல்ல?

மேனேஜருக்குப் பதில் சொல்லாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். தடையென்று படத்துக்குப் போய்விட்டு, மழையில் நனைந்தபடி நேராக வருகிறார்கள். அந்த அம்மாள் வந்ததும் வராததுமாகச் சிரித்தார்.

"அண்ணாச்சி இல்லியாக்கா? தியேட்டர்ல பாத்தோம். எங்க வீட்டுக்காரரும் தலையே துவட்ட மாட்டாரு. அண்ணாச்சி வாயால ரெண்டு வார்த்தை திட்டு வாங்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

"சாப்பிடப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இருந்தபோது சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"வரட்டும், இருந்து பாத்துட்டே போறோம்" என்று இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கோமதி என்னையே பார்த்தாள். நான் மடித்த லுங்கிகளைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாள் வாசலை எட்டிப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் கோமதிதான், "அப்பா இல்லக்கா. தவறிட்டாங்க" என்றாள்.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரரும் எழுந்தார். அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நம் கடைக்குள்ளேயே நின்று தலையைத் துவட்ட ஆரம்பித்தார். குழந்தைக்குத் துவட்டுவதுபோல் காது மடல் வரைக்கும் துவட்டினார். கோமதி அலமாரியில் கிடந்த கர்ச்சீப் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். விளம்பரத்தால் பலன் உண்டா இல்லையா என்று எத்தனை சண்டை போட்டிருப்போம்! அந்தப் பலன் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, பார்க்க நீங்கள்தான் இல்லை. எனக்கு வந்த அழுகையில் கடை என்றும் பார்க்கவில்லை.

மறுநாள் மேட்னிக்குத் தனியாகப் போனேன். நீங்கள் போன பிறகு தியேட்டர் வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. கோமதி சொன்னது சரிதான், பாதிப் பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நீங்கள் அதட்டியபோது சில பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "நம்ம அண்ணாச்சிலா" என்றார். நானும் மழையில் நனைந்துதான் போயிருந்தேன். முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டேன்.

இந்த சீசனோடு போதும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். "எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்று கூப்பிடுகிறீர்கள், நம்பி வருகிறார்கள். வந்தவர்களைக் காக்க வைத்தால் உங்களுக்குப் பிடிக்குமா? சீசன் முடிகிறவரை யார் வந்து கேட்டாலும் கர்ச்சீப் கொடுப்பேன், உள்ளதையும் சொல்லுவேன். சாப்பிடப் போயிருக்கிறீர்கள் என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

மேட்னிக்குப் போன அன்று நான் படத்துக்கு இருக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே தியேட்டரிலிருந்து நேராக நம் கடைக்குத்தான் வந்தேன். உங்கள் ஸ்டூல் முன்னால் நின்று, "நானும் தியேட்டர்ல பாத்தேன்" என்றேன். கோமதி ஓடிவந்து ஒரு கர்ச்சீப்பை நீட்டினாள். நான் வாங்கவில்லை. என்னுடையதை நீங்களே எடுத்து வையுங்கள், ஒருநாள் அங்கே வந்து உங்கள் கையால் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் பேச்சி,
கோமதியின் அம்மா