மயிலாத்தாளுக்கு மூன்று ஆப்சென்ட்

5 ஆகஸ்ட் 1991, திங்கள்

ஆடிக் காற்று. பனியன் பஞ்சு மூக்கில் குடியேறிவிட்டது. ஒரு தும்மலில் அரை டஜன் பனியன் தைக்கலாம்.

கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், இன்று நடந்ததை எந்த ஜீவனும் நம்பாது. சம்பளம் போட்ட மறு திங்கள், நாற்பது பேரில் ஒரே ஒரு ஆப்சென்ட்! வழக்கமாகத் திங்களன்று கம்பெனியில் நானும் பல்லியும்தான்.

வராதவள் மயிலாத்தாள், பிளாட்லாக் மெஷினில் பனியன் தைக்கும் டெய்லர். குண்டடம் ரோட்டுக்காரி. சேதி இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் லீவு சொல்வது காலை பஸ் கண்டக்டர் ரஹீம் பாயிடம். வண்டி நம் கேட்டைத் தாண்டும்போது படியில் தொங்கிக்கொண்டே கூவுவார்; ரைட்டராகிய நான் ஆப்சென்ட் நோட்டில் ஏற்றுவேன். இன்று படியில் வேறு ஆள். மீசை மட்டும் ஒன்றரை முழம். கூவவில்லை.

காரணக் கட்டம் காலியாகக் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். ஆடியில் கல்யாணமும் எழுத முடியாது. ‘மாடு ரெட்டைக் கன்று ஈன்றது’ என்று எழுதினேன்.

மணி 11. யாரோ கேட்டைத் தட்டினார்கள். எட்டரைக்கு மேல் கேட் திறக்காது, என் சட்டம். “யாரா இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லு” என்று வாட்ச்மேனுக்கு உள்ளிருந்தே குரல். போண்டா சூடு.

வாங்க: செருப்பு வார், மூக்குப்பொடி, நீல மை.

6, செவ்வாய்

காற்று. மயிலாத்தாள் இல்லை. பாயும் இல்லை. நோட்டில்: ‘ஒரு கன்றுக்கு ஐந்து கால், பார்க்க மூன்று ஜில்லா ஜனம்.’

அவளுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் செல்வி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். “ஏனுங்க ரைட்டர், அக்கா சொல்லாம நிக்கற ஆளு இல்லீங்க.”

முதலாளி சண்முகம், என் அக்கா மகன், எட்டிப் பார்த்தான். “மாமா, மூணு நாள் சேதி இல்லாட்டி மெஷின் வேற ஆளுக்குங்க. அதும் நீங்க போட்ட சட்டந்தானுங்க.”

செருப்பு வார் மறந்தாச்சு.

7, புதன்

மூன்றாம் நாள். கேட்டுக்கும் ஆபீசுக்கும் நானூறு நடை. தரையில் வாய்க்கால் விழுந்துவிட்டது. பஸ்ஸைத் துரத்தி மீசைக்காரரைக் கேட்டேன். “பாய்க்குக் கால் சுளுக்குங்க. ஒரு வாரம் லீவு.” பாய் லீவை யார் வந்து கூவுவது?

சண்முகம் வெள்ளிக்கிழமைக்குப் புது டெய்லர் சொல்லிவிட்டான். நான் கன்றுக் கதையை இழுத்தேன். “அட போங்க மாமா. போன மாசம் ஒருத்தன் ஊட்டுக் கெணறு ஓடிப்போச்சுன்னு எழுதுனீங்க.”

உட்கார முடியவில்லை.

8, வியாழன்

நான் லீவு. யாரிடமும் சொல்லவில்லை. முதல் பஸ். அவள் ஊர் பிரியும் முக்கில் நிறுத்தாமல் குண்டடம் வரை இழுத்துப் போனார்கள். திரும்பிப் பால்காரர் மொபெட்டில் நாலு மைல்.

வேலமரத்தடியில், சோற்றுத் தூக்குப்போசியோடு, மயிலாத்தாள்!

“மாடு கன்னு போட்டுச்சா, கண்ணு?”

“எங்களுக்கு மாடே இல்லீங்களே! தெனமும் இங்கதானுங்க நிக்கறேன். இது ஸ்டாப்பு இல்லீங்க, பாய்தான் எனக்காவ விசிலடிப்பாரு. நாளைக்காச்சும் வருவாருன்னு பாத்தா...”

காலை வண்டி வந்தது. வேட்டி அவிழாத குறையாகக் கை ஆட்டினேன். எங்கள் தலையில் அரை ஏக்கர் புழுதியைக் கொட்டிவிட்டுப் போனது.

“அடுத்த வண்டில வர்றதுதான?”

“திங்கக்கெழம வந்தனுங்க, அந்த வண்டி இங்க நிக்கும். பதினோரு மணிக்குக் கேட்டத் தட்டுனேன். உள்ளார யாரோ நாளைக்கு வரச் சொன்னாங்களாம். அதுக்கப்பறம் தெகிரியம் வல்லீங்க.”

கண்ணில் தூசி. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதே பதினோரு மணி வண்டியில் இருவரும் கேட்டில். வாட்ச்மேன்: “தொறக்கக் கூடாதுன்னு ரைட்டர் உத்தரவுங்க.”

“நான்தாய்யா ரைட்டர்!”

“அவரேதானுங்க சொன்னாரு.”

சத்தம் கேட்டு சண்முகம் வந்தான். பாய், பஸ், வேலமரம், எல்லாம் சொன்னேன். வாய் நிற்கவில்லை, பஸ் எங்கள் மேல் ஏழு தடவை ஏறியது என்றும் சொல்லிவிட்டேன். சிரித்தான். “இதுல எது நெசமுங்க மாமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

திங்களன்று உள்ளிருந்து வந்த குரல் என்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. மயிலாத்தாள் இங்கேயே செல்வி வீட்டில் தங்கினாள்.

9, வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. எட்டு மணிக்குக் கேட்டருகே இரண்டு பேர்: மயிலாத்தாள், புது டெய்லர். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நோட்டைத் திறந்து கன்றுகளை அடித்தேன். திங்கள் கட்டத்தில்: ‘வந்தாள். நான் கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை.’ கையெழுத்துப் போட்டு சண்முகத்திடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தான். என்னைப் பார்க்கவில்லை. “புது ஆளை அனுப்பீருங்க. மயிலாத்தா, உக்காரு போ.”

மெஷின் ஓடுகிறது. செல்வி மடித்துக் கொடுக்கிறாள்.

ஐந்து கால் பொய். மீசை ஒன்றரை முழம் பொய், ஒரு சாண்தான் இருக்கும். ஏழு தடவை பொய். திங்களன்று போண்டா சூடாக இருந்தது, அதனால்தான் எழுந்திருக்கவில்லை. அது நிஜம்.