ஐந்து டப்பா ஆயில்

ஜூலை 8, திங்கள்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் காற்று. கடை ஷட்டரைப் பாதி இறக்கியும் ஆயில் டப்பா மேலெல்லாம் மண். துடைத்து அடுக்கினேன். நீலம், பைக். பச்சை, ஸ்கூட்டர். சிவப்பு, புது வண்டி. சாம்பல், நெரிசல் ரோட்டுக்காம். (போடியில் சந்தை நாள் தவிர ஏது நெரிசல்?) தங்கம், வெயில் ஊர் ஸ்பெஷல். கொள்ளை விலை.

மதியம் உத்தமபாளையம் ராவுத்தர். ஏலக்காய் ஏலத்துக்கு வந்தவர், அப்பா காலத்து வாடிக்கை. தன் பைக்குக்கு ஆயில் கேட்டார். தங்க டப்பாவைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. இங்கன இருக்க அஞ்சு டப்பாவும் ஒரே எண்ணெய்தானே?"

"என்ன பாய், இப்பிடிக் கேட்டுப்புட்டீக" என்று சிரித்து மழுப்பினேன். கையை வைக்கவில்லை. அதை அவர் கவனித்தார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் போனார்.

நானே நம்பாததையா இத்தனை வருடமாக விற்கிறேன்?

ஜூலை 11, வியாழன்

சோதித்தே பார்ப்பது என்று முடிவு. என் பழைய பைக்கில் நீல ஆயிலை வடித்துவிட்டுப் பச்சையை ஊற்றினேன். மனைவி ஜெயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டாள்.

தேனி வரை போய் வந்தேன். அருமையாக ஓடுகிறது. அதுதான் கவலை.

ஜூலை 13, சனி

பிரேக் ஷூ தீர்ந்தது. பல்ப் ஆர்டர் போட வேண்டும்.

பாவி வண்டி, இன்றும் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் எல்லாம் கலர் வித்தைதான். நானும் அதற்குக் கூட்டு.

ஜெயா: "யார் வீட்ல எழவு? மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக."

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து, பூப்பாறையில் இருக்கும் ஜெயாவின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். மலையில் தூறல். முந்தல் தாண்டிச் சில வளைவுகள் ஏறியதும் வண்டி கத்துகிறது, நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் ஏறுகிறது. கிளட்ச் வழுக்குகிறது!

பைக்கில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பவை. ஸ்கூட்டரில் அப்படி இல்லை. அதனால் அந்த ஆயிலில் வழுவழுப்பு அதிகம். டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருப்பதுதான். எல்லாம் விளம்பரம் என்று படிக்காமலே தள்ளியிருக்கிறேன்.

ஜெயா நனைந்துகொண்டு நிற்கிறாள். நான் சிரிக்கிறேன்.

"வண்டி நின்னு போச்சு. என்னத்துக்குச் சிரிக்கிறீக?"

"வேற ஆயிலு ஜெயா! நெசமாவே வேற வேறதான்!"

"மழையில மண்டை கொழம்பிப் போச்சா?"

கண்ணில் தண்ணீர். சந்தோஷம்தான். நான் விற்றது பொய்யில்லை. வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினோம். வழி நெடுக அவளிடம் திட்டு. ஒன்றுகூட உறைக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

விடிந்ததும் வேறு பயம், கிளட்ச் தீய்ந்திருந்தால்? பச்சையை வடித்து நீலம். கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி நீலம். மலையேறிப் பார்த்தேன். பிடிக்கிறது. அப்பாடா.

கடையில் தங்கத்தையும் நீலத்தையும் பக்கத்தில் வைத்து முதுகைப் படித்தேன். தரம், எண், எல்லாம் அச்சாக ஒன்று. டப்பா மட்டும் தங்கம். இனி அதை வாங்குவதில்லை. சிவப்பு, சாம்பல் இன்னும் படிக்கவில்லை.

வடித்த ஆயிலைக் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ராவுத்தர் வந்தார். அவர் கேட்பதற்குள் நானே நெஞ்சில் கை வைத்தேன்.

"பாய், பைக் ஆயிலு வேற, ஸ்கூட்டர் ஆயிலு வேற. சத்தியம். ஆனா தங்கமும் நீலமும் ஒண்ணுதான். உங்களுக்கு நீலமே போதும்."

ராவுத்தர் நீல டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நம்புறேன். மொதல்ல கையை எடுங்க அண்ணாச்சி, சட்டையெல்லாம் ஆயிலு."

வெள்ளைச் சட்டை. ஐந்து விரலும் அப்படியே.