எண்ணெயை நிறுத்திய வினை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் அம்மாவும் நலம்தானே? போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊருக்கு வரும் அறைத் தோழரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி என் தொப்பையைக் கேலி செய்தானே என்று எண்ணெயை அடியோடு நிறுத்தினேன் அல்லவா? ஆளும் மளமளவென்று இளைத்தேன். போன வாரம் கிடங்கில் ஒரு விருந்து. பொரித்த கோழியை ஒரு கை பார்த்தேன். சற்று நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, பெட்டிகளுக்கு நடுவே சுருண்டுவிட்டேன்.

"கொழுப்பு உள்ளே போனாதான் பித்தப்பை சுருங்கி, அதைச் செரிக்கப் பித்தநீரை விடும். நீங்க அதுக்கு வேலையே குடுக்கல. உடம்புல சேர்ந்திருந்த கொழுப்பையும் அவசரமா கரைச்சீங்க. தேங்கின பித்தநீர் கல்லாயிடுச்சு, பையை எடுத்தாகணும்," என்றார் டாக்டரம்மா.

"அப்புறம் எண்ணெய் செரிக்குமா?" என்றேன்.

"ஈரல் பித்தநீரை நேரா குடலுக்கு விட்டுடும். முதல்ல ஒழுங்கா சாப்பிடுங்க."

சின்ன ஆபரேஷன்தான், வியாழக்கிழமை. அம்மாவிடம் மூச்சு விடாதே. தோழர் திரும்பும்போது என் பழைய கைலி ஒன்றைக் கொடுத்தனுப்பு. புதுசு வயிற்றில் உறுத்தும்.

"கூட யாரு இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டார். உன் எண்ணைக் கொடுத்தேன்.

தோழர் பையை மூடுகிறார். கண் விழித்ததும் நானே கூப்பிடுவேன். தெரியாத எண் என்றால் நீ எடுக்கவே மாட்டாய். வியாழக்கிழமை மட்டும் எடுத்துவிடு.

பாப்பாவின் அப்பா