கோகிலாவின் காய்ச்சல்

ஜூலை 14, திங்கள்
மூட்டம். மழை இல்லை. விடுதியில் ஏழு பிள்ளைகளுக்குக் கண் சிவப்பு, காய்ச்சல், தொண்டை வலி. டாக்டர் வந்து பார்த்தார். "அடினோ வைரஸ் மாதிரி இருக்குங்க. சீக்கிரம் ஒட்டிக்கும்." ஒரு வாரம் விடுமுறை. சாயங்காலத்துக்குள் எல்லாரையும் பெற்றோர் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். நாலாம் வகுப்பு கோகிலா மட்டும் மீதி. அம்மா பெங்களூரில் கட்டட வேலை. அப்பா இல்லை. அம்மாவின் போனுக்கு லைன் போகவே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்
கோகிலாவுக்குக் காய்ச்சல் 103. மாத்திரை, கஞ்சி, இளநீர். அவளுக்குத் தனித் தட்டு, தனித் துண்டு. கழுவிக் கழுவி என் கை வெளுத்துவிட்டது. சமையல்கார அக்கா வரவில்லை, வீட்டில் கைக்குழந்தை. பாவம், பயம்தான். 
பிள்ளைகள் சத்தத்துக்கு நாள் முழுக்கக் கத்துகிற வார்டன் நான். இன்று யாராவது ஒரு கதவையாவது அடித்துச் சாத்தினால் தேவலை என்றிருந்தது.
"மிஸ், எங்கம்மா வருதுங்களா?"
"வருவாங்க. தூங்கு."

ஜூலை 16, புதன்
காலையில் மூச்சு வாங்கினாள். விலா உள்ளே இழுக்கிறது. ஆம்புலன்ஸ். மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை என் விரலை விடவில்லை. 
பெரியாஸ்பத்திரியில் நர்ஸ்: "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணுங்க?" வார்டன் என்றேன். எழுதிக்கொண்டார். 
ஆக்ஸிஜன் வைத்தார்கள். 
பெங்களூர் மேஸ்திரி நம்பர் கிடைத்தது. சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்
டாக்டரம்மா: "இதுக்குன்னு தனி மருந்து கிடையாதுங்க. மூச்சு விடறதுக்கு நாம ஒத்தாசை பண்ணலாம். ஒடம்புதான் சரி பண்ணிக்கணும்." 
வெளியே வந்து குழாயடியில் அழுதேன். யாரும் கவனிக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.
ராத்திரி மேஸ்திரி போனிலிருந்து கோகிலாவின் அம்மா. அவள் போன் தண்ணியில் விழுந்துவிட்டதாம். "விடிஞ்சதும் கெளம்பிடறேனுங்க."

ஜூலை 18, வெள்ளி
காய்ச்சல் இறங்கியது. ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். ஒரு இட்லி, பாதி சட்னி. 
பத்து மணிக்கு அம்மா. செருப்பெல்லாம் சிமெண்ட். கோகிலா என் கையை விட்டுவிட்டு அவள் மடியில் ஏறிவிட்டாள். அப்படித்தானே இருக்க வேண்டும். 
"நீங்க வூட்டுக்குப் போங்க மிஸ். மூணு நாளா இங்கயே கெடக்கறீங்க. வூட்ல தேடுவாங்கல்ல?"
"ஆமாங்க, தேடுவாங்க" என்றேன்.

ஜூலை 19, சனி
என் கண் இரண்டும் சிவந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. எனக்கு வீடும் இந்த விடுதிதான். இன்று நான் மட்டும். சமைக்கவில்லை, ரொட்டி. 
மதியம் போன். "பாப்பா பேசணும்ங்குது மிஸ்." 
"மிஸ், இன்னிக்கு ரெண்டு இட்லி தின்னேனுங்க." 
அதற்குப் பிறகும் இருவருமே போனை வைக்கவில்லை. அவள் இருமுவது கேட்டது. சளி இளகிய இருமல், குணமாகிற இருமல்.