நீ வாசிக்காத பதில்

அலுமாரியைத் திறந்ததும் கறையான் மண் வாசம் அடித்தது. பின்வரிசையில் அந்த நாவல் கிடந்தது. அட்டையில் பாதியைக் காணோம். உள்ளே, செத்துப்போன இரண்டு உருது எழுத்தாளர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரிவினை எல்லைக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அவர்களுக்காவது ஆளுக்கொரு புதைகுழி இருக்கிறது.

ஆரையம்பதியிலிருந்து வாவியைக் கடந்து அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நீயும் நானும் படிப்பிக்கப் போன காலம் அது. மோட்டார் சைக்கிள், மாடு, மீன் கூடை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்தத் தட்டைப் படகுக்குப் 'பாதை' என்று பெயர். பாதையில்தான் நம் வாசிப்பு. இருந்தது ஒரே பிரதி; ஆகவே ஆளுக்கொரு எழுத்தாளரைப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பக்கத்துக்காரர் நீ, இந்தப் பக்கத்துக்காரர் நான். நீ கூத்துக்காரன் மாதிரிக் குரலை இழுப்பாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

மீன் விற்கப் போகிற அக்கா ஒருத்தி கூடையை இறக்கி வைத்ததும் கேட்பாள்: "மறுகா அந்தச் செத்த ஆக்கள் என்ன பேசினாங்களாம், சேர்?"

"உசிரோட இரிக்கிறவன் வாயத் துறந்தாப் புடிச்சிருவாங்க அக்கா. அதான் செத்தவங்களப் பேச விட்டிரிக்கி," என்றாய் ஒருநாள். பாதையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் காலை நான் என் வரியை வாசித்தேன்: "என்னைத் தேடி யாராவது வந்தார்களா?" பதில் உன்னுடையது. அதற்குள் பாதை கரை தட்டிவிட்டது. துறையில் ஆமிக்காரர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க அவர்கள் கொண்டுவந்திருந்த, முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி உனக்கு நேரே தலையை அசைத்தான். "நீ போ, நான் பின்னால வாறன்," என்றாய். உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புத்தகம் என் கையில் இருந்தது.

நானும் உன் அம்மாவும் போய் நிற்காத முகாம் வாசல் இல்லை. முப்பத்தோராம் நாள் காரியம் செய்யலாம் என்று வந்த உன் மாமாவை அம்மா ஏசிக் கலைத்தார். உன் வரிகளை நான் வாசிக்கவும் விடவில்லை. "என்ட புள்ள இரிக்கான். அவன்ட பங்க அவன் வந்து வாசிப்பான்." அந்தப் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் இத்தனை வருடம் தொங்கினேன்.

இன்று புத்தகத்தோடு உன் வீட்டுக்குப் போனேன். கறையான் மிச்சத்தையும் தின்னுமுன் அவரிடமே கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அம்மா வாங்கவில்லை. படுத்தபடியே அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாசி மனே. அவன்ட பங்கையும் நீயே வாசி."

அவர் உன்னை விட்டுவிட்டார். இனி உன்னை உயிரோடு வைத்திருக்க நான் மட்டும்தான், எனக்கும் தெம்பில்லை. என் கேள்வியை வாசித்தேன். பிறகு உன் பதிலையும் வாசித்தேன்: "வந்தார்கள். நீ இனி வரமாட்டாய் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் சாவை அவருக்குச் சொன்ன குரல் என்னுடையது. அதே குரலால்தான் நாளைக்கும் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும்.