பச்சைத் தண்ணீரில் போன கறை

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியே பழகிய கை, இன்றைக்கும் அதைத்தான் எழுதப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். நீயாவது உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், வேலைக்கு நடுவில் பிரித்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் பேசும்போதெல்லாம் என் பின்னால் சலவை டிரம் சுற்றிக்கொண்டிருக்கிறது, உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அடுத்த அறையில் உன் அக்கா படுத்திருக்கிறாள், நான் உன்னிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளோ இத்தனை வயதுக்கு என் வாயில் வந்ததே இல்லை. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அப்பாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, இஸ்திரி மேசையை விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தால் அதில் துணியை அடுக்கி வைத்துவிட்டு இவர் நின்றுகொண்டே தேய்க்கிறார். பெரிய டிரம் மறுபடி மக்கர் பண்ணி, ஓட்டல் விரிப்புகள் எல்லாம் நுரையோடு உள்ளேயே மாட்டிக்கொண்டன, மெக்கானிக் வந்து கதவைப் பெயர்க்க வேண்டியதாகிவிட்டது. லாண்டரியை மூடிவிடலாமா என்று ஒரு நாள் கேட்டேன், மூடிவிட்டு இந்த வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டார் உன் அப்பா.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு வந்த நர்ஸ், அந்த எச்.பி.வி. ஊசியை உன் வயதில்கூடப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை, டாக்டரோடு பேசி முடிவு செய்துகொள் என்று சொன்னாளாம். கர்ப்பப்பை வாயில் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்டாளாம், இல்லை என்று சொன்னாயாம். என்ன செய்யப்போகிறாய் என்றதற்கு, பார்க்கலாம்மா என்றாய். நம் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் பரணில் போட்டாயிற்று என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா, அந்த வார்த்தையை உனக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த வீடுதானே. அதோடு, இந்த வயதுக்கு மேல் போட்டு என்ன பிரயோஜனம், நான் என்ன சின்னப் பெண்ணா என்று சிரித்தாய். நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி பேச்சை மாற்றினேன். இப்போது மாற்றப் போவதில்லை.

உன் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, கரண்ட் வைக்கிறார்கள், சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய், அந்த நர்ஸ் சொன்ன அதே எச்.பி.வி. கிருமியால் வந்தது, கரண்ட் என்று சொல்கிற அந்தக் கதிர்வீச்சு வைத்தும் நிற்காமல் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது. இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், விட்டுவிட்டு எழுதினால் எழுத முடியாது. எங்களுக்குத் தெரிய வந்தது எப்படி என்றும் நீ கேட்க வேண்டும். நானும் அவளும் ஓட்டல் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம், உனக்குத்தான் தெரியுமே, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து மடிப்போம். பாதி வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளை விரிப்பு அவளுக்குக் கீழே கிடந்தது, எங்கு பார்த்தாலும் ரத்தம். நான் பதறிப்போய் அவளைக் கழுவிவிடப் பக்கத்தில் இருந்த சுடுதண்ணீர் வாளியை எடுத்தேன், அந்த நிலைமையிலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுடுதண்ணி ஊத்தாதேம்மா, கறை நின்னுடும், பச்சைத் தண்ணி எடு" என்றாள். நான் அவளைக் காப்பாற்ற வந்தேன், அவள் விரிப்பைக் காப்பாற்றப் பார்த்தாள்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ரொம்ப நாளாகவே அவளுக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது, புருஷனோடு சேர்ந்து இருந்த பிறகும் பட்டிருக்கிறது. ஈரத் துணி தூக்குகிற பெண்களுக்கு இடுப்பு விட்டுப்போவது சகஜம், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் துணிகளைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கசக்கி, ஒரு திட்டு தெரியாமல் அலசிக் காயப்போட்டிருக்கிறாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ரத்தக்கறை எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தானே. வேறு வீட்டில் பிறந்திருந்தால் எங்கேயாவது ஒரு மங்கலான கறையாவது தங்கியிருக்கும், யாராவது பார்த்து என்னடி இது என்று கேட்டிருப்பார்கள். இவள் தொழில் சுத்தம் இவளுக்கே எமனாக வந்தது. டாக்டரம்மா சொன்னார், முதல் தடவை பட்டபோதே வந்திருந்தால் நிலைமை வேறு, அதற்கும் முன்னால், ஒன்றுமே தெரியாத நாளில் ஒரு பரிசோதனை செய்திருந்தால் செல்கள் மாறுகிறபோதே பிடித்து, சின்னதாக எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று. அன்றைக்கே வீட்டுக்கு என்று அவர் சொன்னது எனக்கு நெஞ்சில் கத்தியால் கீறின மாதிரி இருந்தது.

உன் மாமா மேல் எனக்கு எப்படிப்பட்ட கோபம் வந்தது தெரியுமா. வேன் ஓட்டிக்கொண்டு வெளியூர் வெளியூராகப் போகிற மனுஷன், எங்கேயோ போய் வாங்கி வந்து என் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் வந்தால் எழுந்து போய்விடுவேன், தட்டை வைத்தால் ணங்கென்று வைப்பேன். லாண்டரியில் வேலை செய்கிறவர்களும் ஜாடைமாடையாக அதைத்தான் பேசினார்கள், சிலர் அவரைச் சொன்னார்கள், சிலர் இவளையே சொன்னார்கள், அது என் காதில் விழுந்த அன்று ஒருத்தியை வேலையை விட்டே நிறுத்தினேன். கடைசியில் டாக்டரம்மாவிடமே கேட்டேன், யாரால் வந்தது என்று. யாராலும் சொல்ல முடியாது என்றார். உடலுறவு உள்ள யாருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒட்டக்கூடிய கிருமி, முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடும், சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் தங்கி இப்படிக் கொண்டுவந்து விடும், கல்யாணத்துக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்றுகூடத் தெரியாது என்றார். அதை நான் உன் மாமாவிடம் சொல்லவில்லை, அவரே ஒரு நாள் மாடிப்படியில் என்னை மறித்துக்கொண்டு, "என்னாலயா அவளாலயான்னு எனக்கும் தெரியல அத்தே. தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணப் போறோம்" என்றார். அவர்தான் இப்போது அவளுக்குத் தலை வாரிவிடுகிறார், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுகிறார். கோபப்பட ஒரு ஆள்கூட இல்லாத துக்கம் என்ன துக்கம் என்று நீ அனுபவிக்க வேண்டாம்.

உன் கேள்வியையும் நான் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். என் சின்னப் பெண் வெளிநாட்டில் இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை, ஒருத்தரோடு சேர்ந்து இருக்கிறாள், அவருக்கு முன்னால் வேறு ஒருத்தரும் இருந்தார் என்று ஒப்பித்தேன், சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வயசென்ன என்று மட்டும் கேட்டார். சொன்னதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சின்ன வயதில், எந்தப் பழக்கமும் வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். உன் வயதில் பலன் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை ஊசி விரட்டாது, ஆனால் இந்தக் கிருமியில் பல வகை இருக்கிறது, உன்னிடம் இதுவரை வராத வகை வந்தால், ஊசியில் அடங்கின வகையாக இருந்தால் தடுக்கும். இனிமேல் உன் வாழ்க்கையில் புது ஆள் வருவாரா மாட்டாரா, உன் உடம்பு எப்படி என்பதையெல்லாம் வைத்து அங்கே இருக்கிற டாக்டரோடு பேசி முடிவு பண்ண வேண்டியது. ஆணுறை போட்டுக்கொண்டால் ஆபத்து குறையும், அடியோடு நிற்காது, தோல் பட்டாலே ஒட்டும். ஆம்பிளைகளுக்கும் இது தொண்டையிலும் இன்ன பிற இடத்திலும் வரும், அதனால் இது பொம்பளை சமாச்சாரம் என்று உன்னோடு இருக்கிற அந்தத் தம்பி நழுவப் பார்த்தால் விடாதே. அவரை நான் இன்னும் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவரும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கட்டும்.

ஊசியை நீ எடை போட்டுப் பார், போட்டாலும் சரி, டாக்டர் வேண்டாம் என்றால் அதுவும் சரி, நான் வற்புறுத்த மாட்டேன். ஊசி போட்டவளும் பரிசோதனையை விடக்கூடாது, போடாதவள் விடவே கூடாது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னார். அதில் எடை போட ஒன்றுமில்லை. கூச்சமாக இருக்கும் என்பாய். என்னை அந்தம்மா, நீங்க என்னைக்காவது பண்ணியிருக்கீங்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அங்கேயே மேசையில் படுக்கச் சொல்லிவிட்டார். உங்களைப் பெற்றபோது கூசாதது அன்றைக்குக் கூசியது, கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்குப் போக வேண்டிய துணிக்கணக்கை நினைத்துக்கொண்டிருந்தேன், முடிந்துவிட்டது எழுந்திருங்கள் என்றார். பல் பிடுங்கப் போகிற பாடுகூட இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். வாழ்ந்து முடித்தவளை விட்டுவிட்டு வாழ வேண்டியவளைப் பிடித்திருக்கிறதே என்று.

இதையெல்லாம் படித்தவுடன் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போவாய். உன் அக்காவுக்கும் அது தெரிந்திருக்கிறது. நேற்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள், "வரட்டும். ஆனா அங்க டாக்டர்கிட்ட போய்ட்டுத்தான் இங்க வரணும். போகாம வந்து நின்னா நான் கண்ணைத் தெறக்க மாட்டேன், சொல்லிடு." நான் அவளோடு சண்டை போட்டேன். கடைசியாகப் பார்க்க வருகிறவளிடம் இப்படியா என்று கேட்டேன். அதைத் தவிர அவளை டாக்டர்கிட்ட அனுப்பி வைக்க என்கிட்ட வேற என்னம்மா இருக்கு என்றாள். உன் அக்கா சொன்னால் செய்வாள்.

டாக்டரம்மாவைக் கேட்டால் இனிமேல் நாள் சொல்வதற்கில்லை, பேசுகிறபோதே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார். அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை அங்கே காத்திருக்க வேண்டாம், போய்ப் படுத்து எழுந்து வந்தால் போதும் என்று உன் அக்காவிடம் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். தீர்க்காயுசாக இரு என்று உன்னை வாழ்த்த எனக்கு இப்போது நாக்கு எழவில்லை. உன் அக்காவின் வயதைத் தாண்டு, அவளுக்கு வராத நரை உனக்கு வரட்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் அதுவேதான், அவர் இதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். மறந்துவிடாதே, முதலில் டாக்டர், அப்புறம் டிக்கெட். படித்த மறுநாளே போ கண்ணு, அவள் கண் திறந்திருக்கும்போதே வந்து சேர்.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா