இரண்டாம் மணி தாமதமான ஞாயிறு

காலையில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். பக்கத்துக் கொடியில் யாரோ கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை விரித்திருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் உங்கள் வெள்ளை ஜிப்பாவுக்கு நான்தானே கஞ்சி போடுவேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆலய வளாகத்து வீட்டை, உங்களுக்குப் பிறகு மணியடிக்க வந்த புதிய கோயில்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து, நம் மகளோடு வண்ணார்பேட்டைக்கு வந்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு வங்கி வேலைக்குப் போகிற கிருபா இருட்டிய பிறகுதான் திரும்புகிறாள். அதுவரை எனக்குக் கேட்கிற மனிதக் குரல், கீழே ஊர்ப் பெயர்களைக் கூவுகிற பஸ் கண்டக்டர்களுடையது மட்டும்தான்.

காப்பகத்திலிருந்து அவளை நாம் தத்தெடுத்தபோது அவளுக்கு ஏழு வயது. சாத்தான்குளம் பக்கம் அந்தச் சின்ன ஆலயத்தில் மணியடிப்பதும் கூட்டுவதும் பாய் விரிப்பதும் உங்கள் வேலை. அவளோ விடியும் முன்பே எழுந்து நம் வீட்டைக் கூட்டிவிடுவாள். சொல்லாமலே பாத்திரம் கழுவுவாள். பானை நிறையச் சோறு இருந்தாலும், "திங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். நம்மை எந்த முறை வைத்தும் கூப்பிட மாட்டாள். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைத்திருந்தாள். அவற்றைப் பார்த்த அன்று என் மனம் விட்டுப்போயிற்று.

அடுக்களையில் உங்களிடம் சொன்னேன்: "இது நம்மகூட ஒட்டாதுங்க. திரும்பக் கொண்டு விட்டுருவோம்."

நீங்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனீர்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முதல் மணி அடித்த பிறகு, பீடத்துக் கண்ணாடிப் பூச்சாடியை அவள் கைதவறி உடைத்துவிட்டாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவளாகவே வீட்டுக்குப் போய், வந்தபோது கொண்டுவந்த பையில் பாவாடை சட்டையைத் திணித்து எடுத்துக்கொண்டு வாசல் கேட்டை நோக்கி நடந்திருக்கிறாள். நான் விஷயம் தெரிந்து ஓடி வந்தபோது நீங்கள் அவளை ஆலயப் படியில் உட்கார வைத்திருந்தீர்கள். பக்கத்தில் நீங்கள். அவள் மடியில் அந்தப் பை.

"வேலைக்காரி சாமானை உடைச்சா போகச் சொல்லுவாக," என்றீர்கள். "பிள்ளை உடைச்சா ஏசுவாக. அவ்வளவுதாம்ட்டி. வீட்ட விட்டு எங்கன போறது?"

"நீங்க ஏசலையே," என்றாள்.

"ஏசுதேன். ஏட்டி, கண்ணாடிச் சாமானை ஒத்தக் கையில தூக்கலாமா? கால்ல குத்தியிருந்தா என்ன ஆகும்?"

அதற்கு அவள் அப்படி அழுதாள். அழுகைக்கு நடுவே முதல்முறையாக "அப்பா" என்றாள். ஆராதனை தொடங்க நீங்கள் அடிக்கும் இரண்டாம் மணி அன்றைக்குக் கால்மணி நேரம் தாமதம். உங்கள் வாழ்நாளில் அது ஒன்றுதான். ஏனென்று கேட்ட போதகர் ஐயரிடம், "பிள்ளகூடப் பேசிக்கிட்டிருந்தேன் ஐயரே," என்று மட்டும் சொன்னீர்கள். மத்தியானம் அவள் யாரையும் கேட்காமல் குழம்புச் சட்டியிலிருந்து இரண்டு கறித்துண்டு எடுத்துத் தின்றாள். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஆண்டவருக்கு வேலைக்காரங்களுக்கா பஞ்சம்? அவரு தேடுதது பிள்ளைகளைத்தான்," என்றீர்கள்.

நான் சிரிக்கவில்லை. அடுக்களையில் சொன்ன சொல் உள்ளே கிடந்தது. அதை இருபது வருடம் ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பாவமாக அறிக்கையிட்டேன். அவள் ஒருநாள் அறிந்துகொள்வாள், எல்லாம் போய்விடும் என்ற பயம். இங்கே வந்த பிறகு அது கூடிற்று. ஃபேன் போடுவதற்கும் அவளிடம் கேட்டேன்.

போன வாரம் அவள் பொறுக்காமல், "எதுக்கும்மா எல்லாத்துக்கும் என்கிட்ட கேக்க?" என்றாள். சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. அன்னைக்கு அடுக்களைக்கு வெளியதான் நின்னேன். பூச்சாடி உடைஞ்சதும், இனி இருக்க விடமாட்டாங்கன்னு நினைச்சேன். படியில வச்சு அப்பாகிட்டயும் சொன்னேன், நீ வாரதுக்கு முன்னால."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"'அம்மைக்கும் இது புதுசுட்டி. உனக்குப் பிள்ளையா இருக்கத் தெரியல, அவளுக்குத் தாயா இருக்கத் தெரியல. ரெண்டு பேரும் பைய பழகுங்க, நான் ஒருத்தரையும் விடமாட்டேன்'னாங்க."

அப்படியானால் அவள் கேட்டுவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டு, நான் எதற்காக அழுகிறேன் என்று தெரிந்தே இருந்திருக்கிறீர்கள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? நான் வரவேயில்லையே.

ஐம்பது வருடம் ஆலயத்துக்குப் போனவள், முதலாளி முன்னால் நிற்கிறவளைப் போலத்தான் நின்றிருக்கிறேன். வெளியே தள்ளப்பட மாட்டேன் என்று முன்பே முடிவாகிவிட்ட வீட்டில், வாசலைப் பார்த்தபடியே இருந்திருக்கிறேன். இப்போது ஜெபிக்கும்போது நடுக்கம் இல்லை. எழுந்து திரும்பினால் நீங்களும் இல்லை. 'ஒருத்தரையும் விடமாட்டேன்' என்று நீங்கள் படியில் சொன்ன அந்த வார்த்தை மட்டும் இருபது வருடம் பிந்தி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த நீண்ட மத்தியானங்களைக் கடக்கிறேன்.